பூனை மதித்த டிரான்ஸ்ஃபார்மர்

அன்பும் பொறுமையும் ஒருங்கே அமைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் பூனையும் இருட்டும் நலம். அவ்விடம் நீங்கள், மகள், பெட்டியோடு வந்து இறங்கிய உங்கள் மாமியார் ஆகியோரின் நலமறிய அவா.

நிற்க. மின்கம்பம் எட்டாத இந்த மேட்டு வீட்டுக்கு நீங்கள் ஆசையாக மாட்டிக் கொடுத்த சோலார் பலகைகளை நான் குறை சொல்லக் கூடாதுதான். சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. பகலெல்லாம் வெயில் மண்டையைப் பிளக்கிறது, பேட்டரி நிரம்புகிறது, விடிந்து பார்த்தால் ஓட்டைக் குடத்தில் ஊற்றிய தண்ணீர். என் பக்கம் குறையே கிடையாது. இன்வெர்ட்டரிலிருந்து வரும் கரண்டை வீட்டுக்குத் தக்கபடி உயர்த்த, சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் கொடுத்தீர்கள். பார்க்கவே பரிதாபமாக இருந்ததால் அதைப் பரணில் போட்டுவிட்டு, மூடிப்போன மாவு மில்லிலிருந்து நாலு ஆள் தூக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வாங்கிக் கூடத்தில் வைத்தேன். "மாமா, அவ்வளவு பெரிசு வேணாம், சும்மா இருந்தாலும் அது தின்னுக்கிட்டே இருக்கும்" என்று போனில் சொன்னீர்கள். அதென்ன விருந்துக்கு வந்த மாப்பிள்ளையா என்று கேட்க வாய் வரை வந்தது, மரியாதைக்காக விழுங்கிவிட்டேன். அது பாட்டுக்குக் கம்பீரமாக உறுமிக்கொண்டு நிற்கிறது. நம் பூனை அதன் மேல் தவிர வேறெங்கும் படுப்பதில்லை. பூனைக்குக்கூடத் தரம் தெரிகிறது.

ஆகவே கரண்ட் வேறெங்கோ போகிறது என்று முடிவு கட்டிச் சிக்கனத்தில் இறங்கினேன். முதலில் வாசல் விளக்கு, அப்புறம் ஃபிரிட்ஜ், அப்புறம் ஃபேன். கிடங்கு மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன், சுவிட்சைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. உங்கள் மாமியார் மிக்ஸியைப் போட்டால் பின்னாலேயே போய் நிற்பேன். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, இந்த வீட்டுல இப்ப காத்துன்னா உங்க மூச்சுக்காத்துதான்" என்றாள். பாராட்டுகிறாள் என்று நினைத்தேன். போன வாரம் அவளுடைய டிவி தொடரில் கதாநாயகி உயிலைப் பிரிக்கிற நேரம், பேட்டரி முள் இறங்குதேன்னு டிவியை அணைச்சுட்டேன். உயில்ல என்ன எழுதியிருந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? அவ சண்டைகூடப் போடலை. பெட்டியை எடுத்தா, "ராத்திரி முழுக்க ஃபேன் சுத்துற வீடா மாறினா சொல்லுங்க"ன்னுட்டு பஸ் ஏறிட்டா.

இப்போ வீட்டுல ஒண்ணுமே போடுறதில்லை மாப்பிள்ளை, அப்பவும் காலையில பேட்டரி காலி. நான் வைத்த குழம்பைப் பூனை முகர்ந்து பார்த்துவிட்டு என்னையே பார்க்கிறது. உண்மையைச் சொல்றேன், அவ இல்லாம வீடு வீடா இல்லை. எனவே தவறு உங்கள் பலகைகளுடையது என்பதை மாமியாரிடம் ஒப்புக்கொண்டு, அவளைக் கொண்டுவந்து விட்டு, திரும்பும்போது பலகைகளைக் கழற்றிக்கொண்டு போகவும்.

நீங்களும் மகளும் நிரம்பிய பேட்டரியும் நிற்காத ஃபேனுமாக நீடூழி வாழ ஆசிகள்.

இப்படிக்கு,
மாமனார்

பி.கு.: இதைத் தபாலில் சேர்க்க நேற்றுக் கிளம்பியபோது, செருப்பு மாட்ட டிரான்ஸ்ஃபார்மர் மேல் உட்கார்ந்தேன். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தேன். ஒரு விளக்குகூட எரியாத வீட்டில் உட்காரும் இடம் மட்டும் சுடுகிறது. பூனை தரம் பார்த்துப் படுக்கவில்லை, கதகதப்பு பார்த்துப் படுத்திருக்கிறது. உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, பரணில் கிடந்த உங்கள் டப்பாவை மாட்டச் சொன்னேன். ராத்திரி முழுக்க ஃபேன் சுற்றியது, காலையில் பேட்டரியில் மிச்சம் இருந்தது. பூனைதான் என் முகத்தில் விழிப்பதில்லை.

உங்கள் மாமியாருக்குப் போன் போட்டு, "யாரும் எதுவும் கேக்காதப்பவும் அது பாட்டுக்கு முணுமுணுத்துக்கிட்டு, சூடாகி, இருக்கறதைத் தின்னுக்கிட்டுக் கிடந்திருக்கு" என்றேன். "அப்ப வீட்டுல ரெண்டு இருந்திருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

ஆகவே மேலே எழுதிய எதையும் அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். ஒன்றைக் கழற்றி வெளியே தள்ளியாயிற்று, இன்னொன்று அவள் பெட்டியைத் தூக்க இன்று முதல் தினமும் சாயங்கால பஸ்ஸுக்குப் போய் நிற்கும் என்று மட்டும் சொல்லவும்.