செவலைக் காளைக்கு என் பேர்

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டைக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் இடையில் ஆறு வருசம் நான் வண்டி ஓட்டவில்லை. வண்டியில் தூங்கினேன். ஓட்டியது செவலை, மயிலை என்ற இரண்டு காளைகள். அப்போது இது எனக்கே தெரியாது.

அந்தக் காலத்தில் திருச்செந்தூருக்கு ரயில் கிடையாது. மாட்டு வண்டிக் கம்பெனிதான். ஆழ்வார்திருநகரியில் எங்கள் முதலாளி சங்கரலிங்கம் அண்ணாச்சியின் கொட்டகை. அங்கே களைத்த ஜோடியை அவிழ்த்து வேறு ஜோடி பூட்டுவோம். அவிழ்த்த மாட்டுக்குத் தொட்டியில் பருத்திக்கொட்டைப் பால் தயாராக இருக்கும்.

பாளையங்கோட்டையில் தேவசகாயம் அண்ணாச்சி போட்டிக் கம்பெனி தொடங்கினார். வண்டிக்காரர் நாங்கள் ஐந்து பேர் ஒரே வாரத்தில் அங்கே தாவினோம். சம்பளம் அதேதான். சிவப்புத் தலைப்பாகை கொடுத்தார்கள். (எனக்கு அது போதும். தலை சிறிசு, ஆசை பெரிசு.)

மற்ற நால்வரும் சொல்லாமல் போனார்கள். அதுதான் புத்தி. நான் கொட்டகைக்கு நடுவில் நின்று பேசினேன்.

"அண்ணாச்சி, இனிமே இந்தக் கொட்டகையில என் கால் பட்டா நான் ஐயாத்துரை இல்ல. இந்தச் செவலைக்கு என் பேர வச்சுக்கிடும்."

அண்ணாச்சி வெற்றிலையை மென்றார். "சரிலே. பொறவு பேச்சு மாறக் கூடாது."

மறு மாதம் அவர் செவலையையும் மயிலையையும் சந்தைக்குக் கொண்டுவந்தார். நான் புது முதலாளியிடம் ஓடினேன். "அந்த ஜோடிய வாங்கும். என் சொல்லுக்கு அப்படியே கட்டுப்படும்." வாங்கினார். கயிற்றைக் கொடுக்கும்போது சங்கரலிங்கம் அண்ணாச்சி சிரித்தார். நான் வயிற்றெரிச்சலில் சிரிக்கிறார் என்று நினைத்தேன்.

புதுக் கம்பெனியில் அந்த ஜோடியோடு எனக்கு முதல் சவாரி. ஏறியது தச்சநல்லூர் மாப்பிள்ளையும் அவருடைய தாய்மாமாவும். மறுநாள் விடியற்காலம் திருச்செந்தூர் கோயிலில் முகூர்த்தம். பெண் வீட்டார் முன்பே போய்விட்டார்கள்.

"நேரத்துக்குப் போயிருவேராவே?" என்றார் மாப்பிள்ளை.

"கண்ண மூடிக்கிட்டு ஓட்டுவேன்" என்றேன். (பொய் இல்லை.)

எங்கள் புதுக் கொட்டகை தென்திருப்பேரையில். ஆழ்வார்திருநகரியைத் தாண்டிப் போக வேண்டும். கருங்குளம் வரை நினைவு இருந்தது. அதற்கப்புறம் வழக்கம்போல.

சிரிப்புச் சத்தம் கேட்டு விழித்தேன். எதிரே தொட்டி. தொட்டிக்குள் இரண்டு மாட்டின் வாயும். பக்கத்தில் சங்கரலிங்கம் அண்ணாச்சி.

"வாரும், தலைப்பாக நல்லாத்தான் இருக்கு. எறங்கலியாவே?"

"எறங்க மாட்டேன்."

"அப்ப அங்கனயே இரும். எனக்கென்ன?"

கயிற்றை இழுத்தேன். அதட்டினேன். கெஞ்சினேன். செவலை குடித்து முடித்தது. நுகத்தோடு படுத்தது. மயிலையும் படுத்தது. வண்டி முன்பக்கமாகச் சாய்ந்தது. மாப்பிள்ளை என் முதுகில் விழுந்தார். மாமா மாப்பிள்ளை முதுகில் விழுந்தார். நான் இரண்டு காலையும் தூக்கிச் செவலை மேல் போட்டுக்கொண்டேன். கால் தரையில் படவில்லை. அது முக்கியம்.

மாமா எழுந்து வேட்டியைத் தட்டினார். "அண்ணாச்சி, வேற ஜோடி தாரும். முகூர்த்தம் தப்பிரும்."

"தாரேன். ஆனா உங்க வண்டிக்காரரு எறங்கி வந்து கேக்கணும்."

கொட்டகை ஆட்கள் வேலையை விட்டுவிட்டுக் குத்தவைத்து உட்கார்ந்தார்கள். நான் செவலை மேல் இருந்தேன். அது அசை போட்டது. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

மாப்பிள்ளை என் தலைப்பாகையைப் பிடித்தார். "ஏவே, உமக்குப் பேருதானே போகும்? எனக்குப் பொண்ணுல்லா போயிரும்! எறங்கும்!"

அவர் கண்ணில் தண்ணீர். நானும் கல்யாணம் ஆனவன்தானே என்று ஒரு நினைப்பு. வலது காலை வைத்தேன். பிறகு இடது. எதற்கு ஒன்றை மட்டும்?

"ஒரு ஜோடி தாரும் அண்ணாச்சி" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. செவலையைக் கும்பிட்டார். "வாரும் ஐயாத்துரை! பிரயாணம் சௌரியமா?" பிறகு என் பக்கம் திரும்பினார். "லே செவலை, தள்ளி நில்லு. மாடு பூட்டணும்."

அவருடைய மாடு, அவருடைய ஆள். வண்டி போய்விட்டது. மாப்பிள்ளை நேரத்துக்குத் தாலி கட்டினார். நான் மாட்டுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

அந்த ஜோடி எந்தக் காலத்திலும் அந்தக் கொட்டகையைத் தாண்டிப் போகவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு தேவசகாயம் அண்ணாச்சி திரும்ப விற்றார். என்னையும் அனுப்பினார். சங்கரலிங்கம் அண்ணாச்சி எங்கள் எல்லோரையும் எடுத்துக்கொண்டார். மாட்டை முதலில். தலைப்பாகை செவலைக்கு முதுகு துடைக்க ஆயிற்று.

ஊர் முழுக்க நான் செவலை. மகள் கல்யாணப் பத்திரிகையில்கூட, 'செவலை என்கிற ஐயாத்துரை' என்று போட்டால்தான் ஆட்களுக்குத் தெரிந்தது.

அந்தக் காளை வயதாகிச் செத்தது. கொட்டகையிலிருந்து ஆள் வந்தான். நான் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று, "ஐயாத்துரை போயிட்டான்" என்றான்.

என் பெண்டாட்டி அம்மியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எந்த ஐயாத்துரை? வண்டி ஓட்டுனவனா, தூங்குனவனா?"

இப்போதும் வீட்டில் யார் என் பேரைச் சொன்னாலும், பேரன் பேத்திவரை அதையே கேட்கிறார்கள்.

தூங்கினவன் இன்னும் இருக்கிறேன்.