சீனாவுக்குப் போக வேண்டிய பெட்டி

போடிநாயக்கனூர்,
19 அக்டோபர் 1986.

அன்புள்ள தம்பி தவசிக்கு,

அக்கா பொன்னுமணி எழுதுவது. நீயும் அன்னக்கொடியும் சென்னையில் நலமாயிருக்க வேண்டும். என் நலத்தைக் கேட்கும் உரிமையை, உன் மகன் காசிமாயனை இங்கே அனுப்பிய அன்றே நீ இழந்துவிட்டாய்.

கான்வென்ட்டில் மதர் எனக்குப் பூகோளம் சொல்லித் தந்தபோது சீனாவில் பட்டும் தேயிலையும்தான் இருந்தன. இப்போது நிலக்கரிப் புகையில் பகலிலேயே விளக்குப் போடுகிறார்களாம், ஆறெல்லாம் சாயத் தண்ணீராம். உன் மகன் ஏதோ இங்கிலீஷ் பத்திரிகையில் படித்துச் சொன்னான். "ஐயோ பாவம்" என்றேன். "பாவமில்லை அத்தை, யோகம்! இன்னைக்கு இருமுறாக. நாளைக்கு முழிச்சுக்கிட்டுப் புகையை வடிகட்டுற மிஷினு எங்கேன்னு தேடுவாக. என் கம்பெனியில வெரசாப் பங்கு போடுறவுகதான் பொழைப்பாக" என்கிறான். அடுத்தவர் இருமலில் லாபம் பார்க்கிற புத்தி நம் வீட்டில் யாருக்கும் இருந்ததில்லை. அன்னக்கொடி வழி என்று நான் சொல்ல மாட்டேன். புகை பார்க்கச் சீனாவுக்குப் போவானேன், நம் வீட்டை அடுத்த ரைஸ்மில் போதாதா என்று மட்டும் கேட்டேன்.

மிஷின் என்பது ஒரு தகரப் பெட்டி. உள்ளே கம்பி வலை, தேங்காய் நார், ஈரச் சாக்கு. அதை ஓட்டிக் காட்ட அவன் தேர்ந்தெடுத்தது மலையில் ஏலக்காயைக் காயவைக்கும் என் ஸ்டோரின் புகைபோக்கியை. உனக்குத் தெரியும், அடுப்புப் புகை இரும்புக் குழாய்க்குள்ளேயே அறையைச் சுற்றிக் கூரைக்கு மேலே போய்விடும். சூடு மட்டும் காயில் படும். புகை பட்டால் பச்சையும் போச்சு, வாசமும் போச்சு. ஏலத்தில் மாதிரிக் காய் தட்டில் வரும்போது, பொன்னுமணியம்மா சரக்கு என்றால் மோந்து பார்க்காமலே விலை கேட்பார்கள். உன் மச்சான் விட்டுப்போனதில் நான் தலை நிமிர்ந்து சொல்லிக்கொள்வது அது ஒன்றுதான்.

போன வாரம் பங்கு போடுவார்கள் என்று வியாபாரிகளை ஜீப்பில் மலைக்கு ஏற்றி வந்தான். ஸ்டோர் நிறையக் காய். அடுப்பை மூட்டி, பெட்டியைப் புகைபோக்கி மேலே மாட்டினான். அவர்கள் சாப்பிட்டு ஒரு தூக்கமும் போட்டு எழுந்த பிறகும் கூரைக்கு மேலே ஓர் இழை புகை இல்லை. எல்லாரும் கை தட்டினார்கள். உக்கிரபாண்டி என்பவர், "தம்பி, சீனாக்காரன் ஒனக்குக் கோயில் கட்டுவான்" என்றார்.

"ஏன்டா, மேலே வராத பொகை எங்கிட்டுடா போச்சு?" என்றேன்.

"பெட்டிக்குள்ள அடங்கிருச்சு அத்தை."

ஸ்டோர் கதவைத் திறந்தேன். குழாய் இணைப்புகளின் வழியே அவ்வளவு புகையும் அறைக்குள் இறங்கி என் காய் மேலே உட்கார்ந்திருந்தது. ஏலத்தில், முதல் முறையாக, என் தட்டை மோந்து பார்த்தார்கள். ஏலம் எடுக்கும் வியாபாரி கோட்டைச்சாமி, நேற்று வரை எனக்கு எழுந்து நின்றவர், "ஆத்தா, இது ஏலக்காயா, நெத்திலிக் கருவாடா?" என்று கேட்டு, தட்டை அடுத்தவரிடம் தள்ளிவிட்டார். இனி அந்த வாசல்ல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போய் நிப்பேன்டா தம்பி? தோட்டத்தையே யாருக்காவது குடுத்துட்டு ஒரு மூலையில கெடக்க வேண்டியதுதான். கடிதம் கண்டதும் தந்தி அடித்து அவனைக் கூப்பிட்டுக்கொள், பெட்டியோடு. ஒரு பங்கும் நான் போடப் போவதில்லை. சீனா இருமிக்கொள்ளட்டும்.

உங்கள் வீட்டில் நோய்நொடி அண்டாதிருக்கட்டும். அன்னக்கொடிக்கு என் ஆசியையும் கோபத்தையும் சேர்த்தே சொல்.

உன் அக்கா,
பொன்னுமணி

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் கொடியில் காய்ந்த சேலையை எடுக்கப் போனேன். காசிமாயன் என்னைக் கேட்காமல் பெட்டியைக் கொண்டுவந்து ரைஸ்மில் புகைபோக்கியில் கட்டியிருக்கிறான். உன் மச்சான் போன நாளிலிருந்து நான் உடுத்தும் வெள்ளைச் சேலை ஒன்றுகூட அந்த மில் கரி படாமல் கொடியிலிருந்து வந்ததில்லை. இன்று பால் போல வந்தது. தந்தி வேண்டாம். முதல் பங்கை என் பேரில் எழுதச் சொல்லிவிட்டேன். சீனாக் குளிருக்கு அவனுக்கு ஒரு மப்ளர் அனுப்பு. மில்லுக்காரர் உள்ளே இருமுகிற சத்தம் இங்கே வரை கேட்கிறது. ஐயோ பாவம்.