வெந்தயத்தம்மா மறுபடி வயசுக்கு வந்த கதை

பெண்கள் உடம்பைப் பற்றி எங்கள் வெந்தயத்தம்மா அளவுக்கு நம்பிக்கையோடு தப்பாகப் பேசியவர் அரியலூர் மாவட்டத்திலேயே கிடையாது. நான் சிமெண்டு ஆலை ஆபீஸில் வேலை பார்த்தபோது தங்கியிருந்த லேடீஸ் ஹாஸ்டலின் வார்டன் அவர். சொந்த ஊர் தா.பழூர். எந்த வியாதிக்கும் அவரிடம் காரணம் ஒன்றுதான், சூடு. மருந்தும் ஒன்றுதான், ஊறவைத்த வெந்தயம். தினமும் காலையில் ஆளுக்கொரு டம்ளர் வந்துவிடும். என் பங்கை ஜன்னலுக்குக் கீழே இருந்த செம்பருத்திக்கு ஊற்றிவிடுவேன். அந்தச் செடிக்கு ஒருநாளும் சூடு பிடித்ததில்லை.

மாதத்தின் நடுவில் வழவழவென்று வெள்ளைப்படுகிறது என்று ஒருத்தி சொன்னால் போதும். "எலும்பு உருகி ஊத்துதுடி" என்று அவளைப் பாதி பிணமாக்கிவிடுவார்.

என் அறைத்தோழி மல்லிகா நர்ஸ். "அது கருமுட்டை வர்ற நேரம்மா. எல்லாருக்கும் வர்றதுதான்" என்றாள்.

"படிச்சவளுவளுக்கு எலும்பே கெடையாது போலருக்கு" என்றார் அம்மா.

அடுத்த அறைப் பெண்ணுக்குத் தயிர்த்திப்பி மாதிரி வெள்ளைப்பட்டு, அரிப்பில் நாற்காலியில் உட்காரவே முடியவில்லை. அதற்கும் வெந்தயம், கூடுதலாக மோர். கடைசியில் மல்லிகா டாக்டரிடம் கூட்டிப்போய் மாத்திரை வாங்கித் தர, சரியாகிவிட்டது. "நான் குடுத்த வெந்தயம் இப்பதான் புடிச்சிருக்கு" என்று அந்தப் பெருமையையும் அம்மாவே எடுத்துக்கொண்டார். வெட்கம் என்பதை அவர் ஊறவைத்ததே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்லெண்ணெய் மிதக்க உளுந்தங்களி கிண்டினார். என்ன விசேஷம் என்று கேட்டோம்.

"நின்னுபோனது திரும்பி வந்துருச்சுடி. வருஷக்கணக்கா வெந்தயம் குடிச்சேன்ல. நான் மறுபடி வயசுக்கு வந்துட்டேன்."

ஹாஸ்டலே சிரித்தது. தாய்மாமன் சீர் எப்போது என்று நானும் கேட்டேன். மல்லிகா மட்டும் தட்டைக் கீழே வைத்தாள்.

"நின்ன பொறவு ஒரு சொட்டு பட்டாலும் டாக்டர்ட்ட காட்டணும். கெளம்புங்கம்மா."

"அது சூடுடி..."

"வெந்தயத்தையும் எடுத்துக்கிட்டு வாங்க. டாக்டர் பாக்கட்டும்."

சோதனை முடிவு வந்தது. கர்ப்பப்பையில் புற்று. ஆரம்பம்தான், எடுத்துவிட்டால் போதும் என்றார்கள். அன்றைக்கு ஹாஸ்டலில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. சீர் எப்போது என்று கேலி செய்த நான்தான் ஆஸ்பத்திரிக்கு அவர் துணிகளை மடித்து வைத்தேன்.

ஆபரேஷன் முடிந்து, கொஞ்சநாள் மகள் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பியவர், படியேறும்போதே திட்டினார். "தேடி வந்த வயச புடுங்கிட்டீங்களேடி."

மறுநாள் காலை வழக்கம்போல டம்ளர் வந்தது. அன்றைக்குச் செம்பருத்திக்கு எதுவும் கிடைக்கவில்லை. அடியில் கிடந்த வெந்தயத்தையும் மென்று தின்றேன்.