பூட்டுக்காரர் வீட்டில் மாற்று வழி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அக்கா, வீட்டையே ஆட்டிவைக்கும் எங்கள் மகள் கேப்டன் மூவரும் சௌக்கியம். நீயும் சௌக்கியமாகத்தான் இருப்பாய். ஊரார் லிஃப்டை எல்லாம் ரிப்பேர் பார்க்கிற உனக்கு, போனை எடுக்கும்போது மட்டும் கை வலிக்கும், வேறு நோய் ஏது? போனில் சொன்னால் உன் அக்கா பாதியில் பிடுங்கிக்கொள்வாள் என்றுதான் கடிதம். பிழை இருந்தால் சிரித்துக்கொள், திருத்தித் திருப்பி அனுப்பாதே.

பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆராய்ச்சி டீச்சர் வாராவாரம் நம் வீட்டுக்கு வருகிறார். கேப்டனுக்கு அறிவுக்குக் குறைவில்லை, அது உனக்கே தெரியும். ஒரு வேலையைத் தொடங்குவது, பாதியில் மாற்றுவது, நினைத்தது நடக்காவிட்டால் மனசைச் சமாளிப்பது, இதெல்லாம்தான் அவளுக்கு மலையாக இருக்கிறது. ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்கு இப்படித்தானாம். வீட்டிலேயே இதற்கு எப்படிக் கைகொடுக்கலாம் என்று பார்ப்பதுதான் அவர் ஆராய்ச்சி. "எதுக்கும் முதல் வழி என்ன, அது நடக்கலேன்னா மாற்று வழி என்னன்னு வாய்விட்டுச் சொல்லிப் பழகணும்" என்றார், நானும் தலையாட்டினேன். "பிள்ளை மட்டுமில்ல, பெரியவங்களும் சொல்லணும்" என்றார் பாரு, அங்கேதான் மாட்டினேன். மறுநாளே ஊருக்கெல்லாம் சாவி போடுகிற உன் அத்தான், சாவியை உள்ளே வைத்துவிட்டு வாசலில் நின்று கதவைத் தட்டுகிறேன். கேப்டன் ஜன்னலில் முகம் காட்டி, "அப்பா, முதல் வழி என்ன?" என்கிறாள். "நீ கதவைத் திறக்கிறதும்மா." "மாற்று வழி?" "அம்மாகிட்ட சொல்லிடுவேன்." "அப்பா, அது வழி இல்ல, மிரட்டல்." உள்ளே உன் அக்கா சிரித்த சிரிப்பில் பால் பொங்கி அடுப்பே அணைந்துவிட்டது.

இப்போது உன் கதைக்கு வருகிறேன், ஓடாதே. கழற்றி மாட்டி விளையாட பழைய லிஃப்டின் பொத்தான் பலகையைக் கொண்டுவருவதாகச் சனிக்கிழமைக்குச் சொல்லியிருந்தாய். காலையிலேயே கேப்டன் மேஜையைத் துடைத்து, திருப்புளிகளை நேராக அடுக்கிக் காத்திருக்கிறாள். நீ வீட்டு முன்பக்கத்து என் சாவிக் கடைக்குப் போன் போட்டு, "அத்தான், லிஃப்டுக்குள்ள ஆளுங்க மாட்டிக்கிட்டாங்க, இன்னிக்கு வர முடியாது" என்றாய். போன தடவை நீ வராதபோது மேஜைக்கு அடியில் போய், தொண்டை கட்டும்வரை அவள் அழுதது எனக்கு நினைவு வந்துவிட்டது. முடித்து வைத்த சாவியையே மறுபடி அரத்தால் ராவிக்கொண்டிருந்தேன், அது ஊசியாகிவிட்டது. உன் அக்கா வந்து விஷயத்தைக் கறந்து, டீச்சருக்குப் போன் போட்டாள். "நேரா சொல்லுங்க. பக்கத்துலயே இருங்க. சின்ன விஷயம்னு மட்டும் சொல்லாதீங்க" என்றார் அவர். நான் நேராகச் சொன்னேனா? "கண்ணு, லிஃப்டுன்னு ஒண்ணு இருக்கே, அது என்னன்னா..." என்று ஆரம்பித்தேன். அவள், "மாமா வரலையா?" என்றாள்.

மேஜைக்கு அடியில் போய்விட்டாள், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு. உன் அக்கா பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். நானும் குனிந்து, மேஜையில் மண்டையை இடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்துக் கேப்டன், "இது பெரிய விஷயம்" என்றாள். "ஆமாண்டா, ரொம்பப் பெரிய விஷயம்" என்றாள் உன் அக்கா. லிஃப்டுக்குள் ஆட்கள் மாட்டிக்கொண்டதை அப்போதுதான் நேராகச் சொன்னேன். "லிஃப்டுல இருக்கறவங்களுக்கு மாற்று வழி என்ன?" என்றாள் கேப்டன். "அவங்களுக்கு மாமாதாண்டா மாற்று வழி" என்றாள் உன் அக்கா. காதிலிருந்து கை இறங்கியது. "அப்ப நமக்கு?" நான் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன் மாப்பிள்ளை, மண்டை வலிதான் காரணம் என்று வைத்துக்கொள். அவள் என் கடைக்குப் போய்ப் பழைய காலிங்பெல் சுவிட்சுகளை அள்ளிவந்தாள், ஒரு மரப்பலகையில் அவளே முடுக்கினாள். சாயங்காலம்வரை எங்கள் சமையலறைதான் லிஃப்ட். உன் அக்கா மொட்டை மாடிவரை போய்வந்தாள். "லிஃப்டுன்னு ஒண்ணு இருக்கே" என்று இழுத்த குற்றத்துக்காக என்னை மட்டும் கேப்டன் தரைத்தளத்திலேயே நிறுத்திவிட்டாள்.

டீச்சரிடம் சொன்னால், "சந்தோஷம். அடுத்த தடவை மறுபடியும் கஷ்டமா இருக்கலாம், அதுவும் பரவாயில்ல" என்றார். ஆனால் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. ஆகவே நீ தேதி எதுவும் சொல்ல வேண்டாம். தோன்றியபோது வா, தோன்றாவிட்டால் வராதே, எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் மாற்று வழி உண்டு. நீ மாட்டிக்கொள்ளாமல் பிறரை மீட்டு நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
தரைத்தளத்திலிருந்து உன் அத்தான்

பின்குறிப்பு: கேப்டன் இதை வாசித்துவிட்டாள். "தோன்றியபோது" என்பது வழியே இல்லையாம். முதல் வழி, ஞாயிற்றுக்கிழமை காலை நீ பலகையோடு இங்கே வருவது. மாற்று வழி, நாங்கள் மூவரும் உன் ஒற்றை அறைக்கு வந்து தங்குவது. உன் அக்காவுக்கு மாற்று வழிதான் பிடித்திருக்கிறதாம், பரணிலிருந்து பெட்டியைக் கீழே இறக்கிவிட்டாள். மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டு ஓடி வா.