வலிக்காத கைக்குக் கத்தின கதை

இதப் படிச்சு நிச்சயம் சிரிப்பீங்க. ஆனா இப்பவே இல்ல. அவசரப்படாதீங்க, முதல்ல எனக்கு பஸ் வரட்டும்.

சனிக்கிழமை எனக்குக் கொடுத்த வேலை ஒன்னே ஒன்னு. அக்காவோட லேப்புக்குப் போய்க் கத்தணும்.

அக்கா மூளை ஆராய்ச்சியில உதவியாளர். ஒருத்தனுக்கு வலிச்சா அவன் மூளை என்ன பண்ணுது, அதப் பார்க்கிறவன் மூளை என்ன பண்ணுது, இதான் அவ பிழைப்பு. பிறைங்கிற ஊர்ல ஃபேக்டரியில நாள் முழுக்க நின்னு வேலை செய்யிற அம்மா கேப்பாங்க, "வலியப் பத்திப் படிக்க அவ்ளோ தூரம் போகணுமா? என் காலப் பார்த்தா போதாதா லா?"

பஸ் இன்னும் வரல. அதுக்குள்ள விஷயத்தச் சொல்லிடுறேன்.

இந்தச் சோதனை ஒழுங்கா நடந்தா புரொஃபசர் அக்காவுக்கு பிஎச்டி இடம் கொடுப்பாங்க. சொதப்பினா இன்னொரு வருஷம் காத்திருக்கணும். நடிக்க வர வேண்டியவனுக்குக் காய்ச்சலாம். அக்கா எனக்கு போன் பண்ணினா.

"வெட்கமே இல்லாம பொய் சொல்ற ஆள் வேணும்டா. உன் ஞாபகம்தான் வந்துச்சு."

பாராட்டுன்னு நினைச்சேன். வயசு பதினெட்டு, குரல் மாத்திப் பேசுறதுல அனுபவம் பதினேழு வருஷம். சும்மாவா?

திட்டம் இதான். அடுத்த ரூம்ல ஒரு ஆண்டி. அவங்க பட்டன அழுத்தினா மணி அடிக்கும், என் கை சுடுதுன்னு நம்புவாங்க. நிஜத்துல ஒன்னும் சுடாது. நான் கத்தணும். ஆண்டி எப்போ இரக்கப்பட்டு நிறுத்துறாங்கன்னு பார்க்கணும்.

"சிரிச்ச, என் பிஎச்டி போச்சு."

"என்கிட்ட விடு லா!"

ஒருவழியா பஸ் வந்துச்சு, லேப்புக்குப் போய்ச் சேர்ந்தேன். நாலு பக்கப் படிவம். படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். அக்கா என் விரல்ல ஒரு கிளிப்ப மாட்டிவிட்டா. "சும்மாதான், பார்க்க நிஜமா இருக்கணும்ல?"

முதல் மணி. அடக்கமா ஒரு "ஸ்ஸ்..."

ரெண்டாவது மணி. எங்க ஸ்கூல் டிசிப்ளின் சார் குரல்ல "அடோய்!"

மூணாவது, கார் கதவுல விரல் மாட்டின சீன அங்கிள். நாலாவது, பாலிக் புலாவ் தோட்டத்துல முள்ளு முள்ளான டுரியான் பழம் தலையில விழுந்த ஆளு!

ஸ்பீக்கர்ல ஆண்டி பதறினாங்க. "ஐயோ தம்பி, ரொம்ப வலிக்குதா?"

"பரவால்ல ஆண்டி... அழுத்துங்க..." இது கடைசி மூச்சு குரல். எனக்கே கண் கலங்கிடுச்சு, அவ்ளோ நல்லா வந்துச்சு.

அப்புறம் மூக்க உறிஞ்சுற சத்தம். "என் மகனுக்கும் உன் வயசுதான்பா. போன மாசம் கையச் சுட்டுக்கிட்டு நாள் பூரா அழுதான்."

எனக்கு வேர்த்துச்சு.

அஞ்சாவது மணி. வாயத் திறந்தேன். ஒரு குரலும் வரல.

"தம்பி? பேசுப்பா! கடவுளே, நான் என்ன பண்ணிட்டேன்!" ஒரே அழுகை.

பிஎச்டியா, ஆண்டியா? அக்கா முகத்த நினைச்சுப் பல்லக் கடிச்சேன். சரியா மூணு நொடி தாக்குப் பிடிச்சேன்.

"ஆண்டி, வலிக்கவே இல்ல! எல்லாம் நடிப்பு! சத்தியமா மன்னிச்சிருங்க!"

கிளிப்பப் பிடுங்கிப் போட்டுட்டு அடுத்த ரூமுக்கு ஓடினேன்.

ஆண்டி அழல. சூடா பொரிச்ச கறிபாப் பலகாரம் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. பக்கத்துல அக்கா, கம்ப்யூட்டர்ல என் விரல் கிளிப் வரைஞ்ச, ஏறி இறங்குற கோட்டப் பார்த்து இளிச்சிக்கிட்டு இருந்தா.

"அக்கா, சாரி... உன் பிஎச்டி..."

ஆண்டி வாயத் துடைச்சாங்க. "பொய் சொல்றவனுக்கு எப்போ மனசு உறுத்துதுன்னு பார்க்கிறதுதான் சோதனை தம்பி. உனக்கு அருமையா உறுத்துச்சு! உங்க அக்கா சேர்ந்துக்கலாம்."

"அதச் சொல்ல நீங்க யாரு ஆண்டி?"

அக்கா தலையில அடிச்சுக்கிட்டா. "டேய், அவங்கதான் என் புரொஃபசர்!"

"அப்போ... கையச் சுட்டுக்கிட்ட உங்க மகன்?"

"எனக்கு ரெண்டும் பொண்ணுங்க," புரொஃபசர் அடுத்த கறிபாப்ப எடுத்தாங்க.