நல்லடக்க நேரம் பின்னர் அறிவிக்கப்படும்

அடைக்கலநாதன் மூன்றாவது தடவையும் தன் மரண அறிவித்தலைப் பார்க்காமலே கடந்து போனார்.

"உவருக்குக் கண் தெரியாதோடி?" என்றாள் ஷெரோன்.

"கடலிலை நிண்டுகொண்டு கரையிலை ஆர் நிக்கினம் எண்டு சொல்லுற மனுசன். பொறு, பாப்பார்," என்றாள் ஜெசிதா.

குருநகர் ஒழுங்கையின் திருப்பத்தில், வலைக் குவியலுக்குப் பின்னால் இருவரும் குந்தியிருந்தார்கள். முன்னால் ஐஸும் மீனும் போடும் வெள்ளை றெஜிபோம் நுரைப்பெட்டி ஒன்று. அதில் வெட்டிய வட்ட ஓட்டைக்குள்ளால் ஷெரோனின் அண்ணையுடைய கமரா எதிர்மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தது. மதிலில், கறுப்புக் கரை போட்ட தாளில், அடைக்கலநாதன் சிரித்துக்கொண்டிருந்தார். பிறந்த ஆண்டு 1957. இறந்தது இன்று. அதன் கீழே, 'நல்லடக்க நேரம் பின்னர் அறிவிக்கப்படும்.'

நாளை காலை ஒன்பது மணிக்குப் பாடசாலையில் குறும்படத்தைக் கொடுக்கவேண்டும். வலயப் போட்டிக்கு ஒரு படம்தான் போகும். தாரிகாவின் பேய்ப்படம் எப்போதோ முடிந்துவிட்டது. வெள்ளைச் சேலை, நாடிக்குக் கீழே ரோச் லைற், பாழ்கிணறு. "உதைப் பாத்து எங்கடை நாய்கூடக் குரைக்காது," என்று ஜெசிதா வகுப்பு முழுவதும் கேட்கச் சொல்லியிருந்தாள். பந்தயமும் கட்டியாயிற்று. தோற்றால் தாரிகாவின் அடுத்த படத்தில் வெள்ளைச் சேலையோடு கிணற்றடியில் நிற்கப்போவது ஜெசிதா.

ஆனால் அவள் தோற்கப்போவதில்லை. அவளுக்கு ஒரு ஜப்பான் இயக்குநர் இருந்தார். அவருடைய படங்களில் பட்டப்பகல்தான். இசை இல்லை, பேய் இல்லை, கமரா அசையாது. ஒரு சாதாரண மனிதர், ஒரு சாதாரணப் பொருள், நான்கு நிமிடம். பார்ப்பவருக்கு முதுகு சில்லிட்டுவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி: நடிக்கிறவருக்கு எதையும் சொல்லக்கூடாது. இந்த விதியை ஜெசிதா வகுப்பில், பஸ்ஸில், மீன் சந்தையில், கோயில் வாசலில் என்று கேட்டவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் விளக்கியிருந்தாள்.

ஏற்பாடும் சுத்தமாகத்தான் நடந்தது. கோயில் மலருக்கு என்று சொல்லி அடைக்கலநாதனின் மனைவி மரியநாயகி மாமியிடம் அவருடைய படத்தை வாங்கினாள். இன்று காலை அச்சகத்தில் றஞ்சித் மட்டும் ஒரு கேள்வி கேட்டான்.

"நேரம் போடேல்லையே, பிள்ளை?"

"அது பிறகு சொல்லுவினம், அண்ணை."

"பிறகோ?" என்று அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, பத்துத் தாள் அடித்துக் கொடுத்தான்.

எல்லாம் சரி. நடிகர்தான் பார்க்கமாட்டேன் என்கிறார். முதல் தடவை, சைக்கிளை மிகச் சரியாகத் தன் முகத்தின்மேல் சாத்திவிட்டு, சாரத்தை அவிழ்த்துக் கட்டிக்கொண்டு போனார். இரண்டாம் தடவை, மதிலின் முன் நின்று, பக்கத்தில் ஒட்டியிருந்த ரியூசன் விளம்பரத்தை உரத்து வாசித்தார். "பௌதிகவியல்... குளிரூட்டப்பட்ட வகுப்பறை... ம்." மூன்றாம் தடவை போனில் யாரோடோ இறால் விலை கதைத்தார்.

"ஒண்டு காணாது. சுத்திவர ஒட்டுவம். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் செத்திருக்கவேணும்," என்றாள் ஜெசிதா.

லைற் கம்பத்தில் ஒன்று, தண்ணீர்க் குழாயடியில் ஒன்று, மதிலில் மேலும் ஐந்து. பசை காயும் முன்பே மீன் விற்கும் லூர்த்தம்மா தலையில் அலுமினியப் பேசினோடு வந்தாள். நின்றாள். பேசின் விழுந்தது. சூடை மீன்கள் ஒழுங்கை நெடுகச் சிதறின.

"ஐயோ, அடைக்கலம் அண்ணை! காலமை என்னோடை சண்டை பிடிச்ச மனுசன்!"

ஜெசிதா பாய்ந்து வெளியே வந்தாள். உண்மையைச் சொன்னால் லூர்த்தம்மாவின் குரலுக்கு அது பண்ணைப் பாலம் வரைக்கும் கேட்கும். நடிகருக்குத் தெரிந்துவிடும். படம் போச்சு.

"அன்ரி, கத்தாதேங்கோ! இது அடைக்கலம் மாமா இல்லை. அவரின்ரை தம்பி."

"தம்பியோ? அவருக்கு ஆரடி தம்பி?"

"சின்னம்மாவின்ரை பிள்ளை. மன்னாரிலை இருந்தவர். அதே முகம்."

"பேரும் அதே பேரோ?"

ஜெசிதா ஒரு கணம்தான் யோசித்தாள். "ஓம். அதிலைதான் ரெண்டு குடும்பத்துக்கும் கதை பேச்சில்லை."

லூர்த்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உப்பிடி ஒரு தம்பி இருந்தது மரியநாயகிக்குத் தெரியுமோ? பாவம். நான் போய் ஆறுதல் சொல்லிப்போட்டு வாறன்."

"வேண்டாம், அன்ரி!"

லூர்த்தம்மா போய்விட்டாள். மீனைக்கூடப் பொறுக்கவில்லை.

"முடிஞ்சுது. ஜெசி, கிழிச்சுப்போட்டு ஓடுவம்," என்றாள் ஷெரோன்.

"பயப்பிடாதை. எல்லாம் என்ரை கையிலை இருக்கு."

முதல் தாளைக் கிழிக்கத் தொடங்கியதுமே பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. "செத்த மனுசன்ரை நோட்டீசை ஏன் பிள்ளை கிழிக்கிறாய்? ஆரின்ரை பிள்ளை நீ?" அதற்குள் இன்னும் இரண்டு பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் அரைகுறையாகத் தொங்கிய தாளைத் தடவி ஒட்டினார். மற்றவர் போனில் படம் எடுத்து, "பாரிசிலை இருக்கிற மருமகனுக்கு அனுப்பிவிடுறன்," என்றார்.

"கிழிக்கேல்லை, அண்ணை. கிழிஞ்சிருந்தது, ஒட்டினனான்," என்று சொல்லி, ஜெசிதா தன் கையாலேயே அடைக்கலநாதனை இன்னொரு முறை மதிலில் அழுத்திச் சாகடித்தாள்.

ஒழுங்கை வாயிலில் யாரோ வெள்ளைக் கொடி கட்டத் தொடங்கினார்கள். ஒரு லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் பிளாஸ்ரிக் கதிரைகளை ஏற்றிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிப் போனது.

"கதிரை எங்கை போகுது, அண்ணை?"

"அடைக்கலம் அண்ணையின்ரை செத்தவீட்டுக்கு."

ஜெசிதா வலைக் குவியலுக்கு ஓடினாள். ஷெரோன் அழுதுகொண்டு நின்றாள். பெட்டியைக் காணவில்லை.

"லூர்த்தம்மா அன்ரி திரும்பி வந்து, தன்ரை மீன் பெட்டி எண்டு தூக்கிக்கொண்டு போட்டா. நான் என்னெண்டு சொல்ல? அண்ணை என்னைக் கொல்லுவான்!"

"அழாதை. நான் போய் மாமாவிட்டையே சொல்லுறன். மன்னிப்புக் கேட்டால் சிரிப்பார். உயிரோடைதானே இருக்கிறார்?"

அடைக்கலநாதன் வீட்டு முற்றத்தில் கதிரைகள் வரிசையாக இருந்தன. ஆட்கள் இருந்தார்கள். ஜெசிதா உள்ளே காலை வைத்தாள்.

விறாந்தைக் கட்டிலில், கழுத்துவரை வெள்ளைத் துணியோடு, அடைக்கலநாதன் படுத்திருந்தார். தலைமாட்டில் இரண்டு மெழுகுதிரிகள் எரிந்தன. மரியநாயகி தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்:

"நோட்டீசைப் பாத்திட்டு வந்தவர், பிள்ளை. 'எனக்கு நேரம் வந்திட்டுது' எண்டார். படுத்தார். எழும்பேல்லை."

"இல்லை, மாமி."

"தொட்டுப் பார்."

ஜெசிதா காலைத் தொட்டாள். ஐஸ் மாதிரி இருந்தது. கட்டிலுக்குக் கீழே எங்கேயோ தண்ணீர் சொட்டுச் சொட்டாய் விழுகிற சத்தம் கேட்டது. வெளியே நல்ல வெயில். யாரும் அழவில்லை, யாரும் அசையவில்லை. அவளுக்கு முதுகு சில்லிட்டது.

"மாமி, நான்தான்," என்றாள். மரியநாயகி நிமிரவில்லை. இன்னொரு முறை சொன்னாள். "நான்தான் ஒட்டினனான். படத்துக்கு. சொன்னால் பயம் வராது எண்டு மாமாவுக்குச் சொல்லேல்லை. அவர் பயப்பிடவேணும் எண்டுதான்... சாகவேணும் எண்டு இல்லை, மாமி! கோயில் மலர் எண்டதும் பொய். தம்பியும் பொய். எனக்குப் போட்டி வேண்டாம். தாரிகாவே போகட்டும். நான் வெள்ளைச் சேலை கட்டுறன், கிணத்துக்குள்ளையே இறங்குறன். மாமா, எழும்புங்கோ மாமா!"

குளிர்ந்த இரண்டு கால்களையும் கட்டிப் பிடித்துக்கொண்டு, அவள் பொருமிப் பொருமி அழுதாள். அப்படி அழுதுகொண்டே நிமிர்ந்தவளின் கண்ணில், கால்மாட்டு ஸ்ரூலில் இருந்த றெஜிபோம் பெட்டி பட்டது. அதன் வட்ட ஓட்டை அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே சிவப்பாய் ஒரு புள்ளி மினுங்கியது.

வெள்ளைத் துணிக்குக் கீழே ஒரு வயிறு குலுங்கத் தொடங்கியது. கால்மாட்டிலிருந்து மீன் ஐஸ் துண்டு ஒன்று வழுக்கித் தரையில் விழுந்தது.

பெட்டிக்குப் பின்னாலிருந்து அச்சகத்து றஞ்சித் எழும்பினான்.

"நேரம் இல்லாமல் எங்கடை ஊரிலை ஆரும் நோட்டீஸ் அடிக்கிறேல்லை, பிள்ளை, அதுதான் காலமையே இந்த வீட்டுக்குப் போன் எடுத்துக் கேட்டனான், அப்ப மாமா சொன்னவர், 'நடிக்கிற பிள்ளைக்கு மட்டும் ஒண்டும் சொல்லிப்போடாதை' எண்டு."