ரோஸ்கோவுக்கு இரண்டு

முதல் குக்கீ வெண்டலின் கையிலிருந்து நழுவிச் சமையலறைத் தரையில் விழுந்தது. குக்கீக்கு ஒன்றும் ஆகவில்லை. தரையில் பதித்த ஓடுதான் விரிசல் விட்டது.

"சர்க்கரை எவ்வளவு போட்டே?" என்று கேட்டாள் மனைவி லோர்னா.

"அட்டையில சர்க்கரையே இல்லையே!"

அந்தப் பழைய சமையல் குறிப்பு அட்டை வெண்டல் குடும்பத்தின் வேதம். கூடத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும். பூசணிக்காய் விழுது, முழுக்கோதுமை மாவு, முட்டை. கடைசி வரி: 'ரோஸ்கோவுக்கு மாலையில் இரண்டு. மூன்றாவது கேட்டாலும் கொடுக்கக் கூடாது.'

ரோஸ்கோ யார் என்று யாருக்கும் தெரியாது. வெண்டலுக்கு அது வசதியாகப் போயிற்று. புலனடக்கத்தில் சிறந்த முன்னோர் என்று அவரே முடிவு செய்தார். ஒவ்வொரு அக்டோபரிலும் ரோஸ்கோவின் பெருமையைக் கால் மணி நேரம் பேசிவிட்டுத்தான் குக்கீயைத் தொடவிடுவார். மகனுக்கும் அந்தப் பெயரையே வைத்தார்.

"இருபத்தாறு வருஷமா எனக்கு மூணாவது கிடைச்சதே இல்ல," என்றான் மகன் ரோஸ்கோ. "அந்த ஆள் யாருன்னு இர்மா அத்தைகிட்டயாவது கேட்டீங்களா?"

"ஓரிகன்லேர்ந்து இன்னிக்கு வர்றாங்க இல்ல? சபை நடுவுல அவங்க வாயாலயே சொல்ல வைக்கிறேன்."

அன்று மாலை தேவாலயத்தில் அறுவடை விருந்து. பரம்பரைப் பலகாரப் போட்டியின் நீல ரிப்பனை ஆறு வருஷமாக அடுத்த வீட்டு மார்லிஸ்தான் தட்டிக்கொண்டு போகிறாள். இந்த வருஷம் புது விதி: மூலக் குறிப்பையும் பக்கத்தில் வைக்க வேண்டும், அதன்படியே செய்திருக்க வேண்டும். அதனால்தான் வெண்டலே அடுப்படிக்கு வந்தார். லோர்னா இத்தனை காலம் திருட்டுத்தனமாகச் சர்க்கரையும் வெண்ணெயும் சேர்த்து வந்ததும் அப்போதுதான் வெளியானது.

"துரோகம்!" என்றார் வெண்டல்.

"துரோகம் பண்ணினதாலதான் உனக்கு இன்னும் பல் இருக்கு," என்றாள் லோர்னா.

மெத்தென்று வரட்டும் என்று பூசணியை இரட்டிப்பாக்கினார். தட்டில் கூழ் வந்தது. கூழ் இறுகட்டும் என்று அரை மணி நேரம் கூடுதலாகச் சுட்டார். மேலே கரி, உள்ளே கல். வீட்டின் புகைமணி அலறியது.

வேலிக்கு அப்பாலிருந்து மார்லிஸ் எட்டிப் பார்த்தாள். "வெண்டல், தீயணைப்பு வண்டியைக் கூப்பிடட்டுமா? இல்ல, போட்டிக்குத்தான் தயாராகறியா?"

கரியை மறைக்க லோர்னாவையே கெஞ்சி க்ரீம் பூச்சு தடவச் சொன்னார். சூட்டில் முதல் பூச்சு வழிந்தது. இரண்டாவதும் வழிந்தது. மூன்றாவது விரற்கடை உயரத்துக்கு நின்றது.

"பூச்சு அட்டையில இல்லையேப்பா?" என்றான் மகன்.

"பூச்சு உணவு இல்லடா. உடை."

விருந்து மண்டபத்தில் மூன்று நடுவர்கள். ஒருவர் கடித்தார், பின்வரிசை வரைக்கும் சத்தம் கேட்டது. மற்ற இருவரும் பார்த்துவிட்டுப் பூச்சை மட்டும் நக்கினார்கள். வெண்டல் மைக்கைப் பிடித்தார்.

"சர்க்கரை கேட்கல, உப்பு கேட்கல. ரெண்டோட நிறுத்திக்கிட்டார். இன்னிக்கு நம்மில் எத்தனை பேர் ரோஸ்கோ?"

மண்டபமே உருகியது. கன்னத்தைப் பிடித்திருந்த நடுவர் கண்ணையும் துடைத்துக்கொண்டார். அது வலியாகவும் இருக்கலாம். நீல ரிப்பன் வெண்டலின் சட்டையில் ஏறியது. மார்லிஸ் இரண்டே விரலால் கை தட்டினாள்.

வெண்டலின் அப்பாவுக்கு அத்தையான இர்மா, தொண்ணூற்றைந்து வயது, அட்டையை எடுத்து மூக்குக்கண்ணாடிக்கு நேரே பிடித்தாள். "அட, எங்கம்மா கையெழுத்து!"

வெண்டல் ஓடிப்போய் மைக்கை அவள் வாயருகே நீட்டினார். "ரோஸ்கோவை நேர்ல தெரியுமா அத்தை? சபைக்குச் சொல்லுங்க!"

"தெரியாமலா? இடி இடிச்சா என் கட்டிலுக்கு அடியிலதான்! மூணாவது குடுத்தா மட்டும், பாவம், வாலை ஆட்டிக்கிட்டே வந்து கம்பளத்துல கக்கிடும்."